இரண்டு மாடிகளுக்கு நடுவே கேள்வித்தாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. ஐந்தாவது மாடி வரவேண்டிய இடத்தில் வெறும் சுவர் வந்து நின்றது. சிவப்புப் பொத்தானை அமுக்கி, பிறகு குத்தவே ஆரம்பித்தபோது, கூரையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"பயப்படாதீங்க சார். மெக்கானிக் கிளம்பிட்டார். அவர் வர்ற வரைக்கும் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்த கதை சொல்லட்டுமா? எனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு."

வரிச்சுமை, வாரிசுச் சண்டை என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனாள். கதவு திறந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ராஜா இன்னும் சாகவில்லை.

பிறகு தேடிப்போய்ப் பேசினேன். மெக்கானிக்குகள் அவளைக் 'கண்ட்ரோல் அக்கா' என்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுத்து, ஆள் அனுப்பி, அதுவரை அவர்களை அழவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இதற்கு நடுவில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு.

2

(முதல் தொடக்கம்:) சூரியன் மெல்ல எழுந்தபோது அவள் புத்தகத்தை

வேண்டாம். சூரியன் எழும்போது அவள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பாள்.

(இரண்டாவது:) அவளுக்குள் தீராத அறிவுத் தாகம்

இதை அவளிடமே படித்துக்காட்டினேன். "தாகமெல்லாம் இல்ல சார். டிகிரி இருந்தா ஷிஃப்ட் இல்லாத வேலை கிடைக்கும். என் பொண்ணு முழிச்சிருக்கும்போது வீட்ல இருக்கலாம்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பரீட்சை. இதைத் தவறவிட்டால் பதிவு காலாவதி, எல்லாம் முதலிலிருந்து. மேனேஜரிடம் லீவு கேட்டாள்.

"பரீட்சைக்கெல்லாம் லீவு கிடையாதும்மா. சாவுன்னா சொல்லு, பாக்கலாம்."

ஆகவே அவள் தன் கணவனின் அண்ணனைக் கொன்றாள்.*

"அடடா! கவலைப்படாம போய்ட்டு வாம்மா. அன்னிக்கு அவசர ஃபோனை நானே பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

* கணவனுக்கு அண்ணனே கிடையாது, யாருக்கும் நஷ்டமில்லை. விஷயம் கேள்விப்பட்ட கணவன் மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லையாம்.

3

மேனேஜரை வில்லனாக்கத்தான் உத்தேசித்திருந்தேன். 'அடர்ந்த மீசைக்கு அடியில் ஒரு குரூரப் புன்னகை' என்றுகூட எழுதிவிட்டேன். அப்புறம்தான் அவள் மிச்சத்தைச் சொன்னாள்.

பரீட்சை மண்டபத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அங்கே மேனேஜர் பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

"சார்... நீங்க ஆஃபீஸ்ல..."

"ஏம்மா, உன் வீட்டுக்காரரோட அண்ணன்..."

"இப்ப பரவால்ல சார்."

மனிதர் மெக்கானிக்காகச் சேர்ந்து மேனேஜரானவர். டிகிரி இல்லாதவர்களைப் பதவியிறக்கப் போவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தில் யாரிடமும் மூச்சுவிடாமல் படித்திருக்கிறார்; அவளிடமே அங்கே வைத்துத்தான் சொன்னார். அவருக்கும் இதுவே கடைசி வாய்ப்பு.

போச்சு, வில்லன் கைநழுவிவிட்டான். [கதையை இங்கேயே கைவிட்டுவிடலாமா என்றும் யோசித்தேன்.]

தொடக்க மணி அடித்தது. கேள்வித்தாளைக் காணோம். வாசலில் குவித்துவைத்த பைகளுக்குள்ளிருந்து ஒரு ஃபோன் அலறியது. ஆஃபீஸில் இருக்கவேண்டிய அவசர ஃபோன்! மேனேஜர் அதைத் தன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இருவரும் எழுந்து ஓடினார்கள். அவள்தான் எடுத்தாள்.

"வணக்கம், லிஃப்ட் அவசர உதவி. எங்க மாட்டியிருக்கீங்க?"

"பரீட்சை மண்டபக் கட்டடம். மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல. நான் பரீட்சைக் கண்காணிப்பாளர். கேள்வித்தாள் கட்டு என் கையில இருக்கு!"

"மூச்சை நிதானமா விடுங்க சார்."

மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். "எதையாவது சத்தமா படிச்சா பயம் தெளியும்னு சொல்லும்மா."

சொன்னாள். "கட்டுக்கு சீல் வச்சிருக்கு" என்றது எதிர்முனைக் குரல்.

4

மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். மொட்டைமாடிக்குப் பக்கத்து இயந்திர அறைக்கு இவர்களே ஏறினார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. பிரேக்கை அவள் பிடித்தாள். பழைய மெக்கானிக்கான மேனேஜர் சக்கரத்தைச் சுற்றினார்.

கண்காணிப்பாளர் வெளியே வந்து கட்டோடு மண்டபத்துக்குள் ஓடினார். இவர்களும் ஓடியிருக்கலாம். ஆனால் லிஃப்டைக் காலியாக ஒருமுறை ஓட்டிப்பார்க்காமல் போனால் தொழிலுக்குத் துரோகம். ஓட்டிப்பார்த்தார்கள். (இந்த இடத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.)

கை நிறைய கிரீஸோடு வந்தால், கண்காணிப்பாளர் கதவைப் பாதி மூடிப் பிடித்திருந்தார்.

"கேள்வித்தாள் குடுத்தப்புறம் யாரையும் உள்ள விடக் கூடாது."

"உங்களை வெளிய எடுத்ததே நாங்கதானே சார்!" என்றாள்.

"அந்த நன்றிக்குத்தான் ஒருத்தரை விடறேன். வயித்து வலி, வெளிய போய்ட்டு வந்தார்னு எழுதிக்குவேன். ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல வயித்து வலின்னா விசாரணை வைப்பாங்க."

மேனேஜர் அவளைப் பார்த்தார். "நீ போம்மா."

"நீங்க போங்க சார். உங்க பதவியே போயிடும்."

"உனக்குப் பொண்ணு இருக்காளே."

"யாராவது ஒருத்தர் வாங்கய்யா!" என்றார் கண்காணிப்பாளர்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் உள்ளே போகிறாள். மேனேஜரை நினைத்து அவளுக்குப் பேனா ஓடவில்லை. இன்னொன்றில் அவர் போகிறார்; எனக்கு எழுத ஓடவில்லை. மூன்றாவதில் கண்காணிப்பாளர் மனம் இளகி

நடக்கிற காரியமா அது?

அவளிடமே கேட்டேன். "அதுக்கு முன்னாடி ஃபோன் அடிச்சுது சார்" என்றாள். வேறெங்கோ, வேறு யாரோ, இரண்டு மாடிகளுக்கு நடுவே. எதிரே கதவு திறந்திருந்தது, ஒருவர் நுழையும் அளவுக்கு. இருவரும் சட்டென்று கை நீட்டினார்கள். இரண்டு கைகளும் ஃபோனுக்குத்தான் போயின.

அப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் அந்தக் கதவு இன்னும் மூடவில்லை. கண்காணிப்பாளருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருக்கும். உங்கள் கைதான் சும்மா இருக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருவரை, யாராயிருந்தாலும் சரி, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிடுங்கள்.