எச்சில் தொட்டுக் கட்டிய நார்

தை மாதத்து விடியல். கொல்லிமலையில் அந்நேரம் பனி இறங்கி மரமெல்லாம் சொட்ட வேண்டும். சொட்டவில்லை. மூன்றாவது வருஷமாக மழை ஏய்த்திருந்தது. மிளகுக் கொடிகளில் காய் முற்றும் முன்பே கருகிக் கிடந்தது. சருகு நொறுங்க, பெருமாயி ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்து சரிவேறினாள். கணுக்கள்தான் அதில் படி. மரத்தோடு அதை ஆத்தி நாரால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தால், அவள் புருஷன் காளியண்ணன் ஏறி மிளகு பறிப்பான்.

கட்டும் முன் நாரை மடுவில் முக்கியெடுக்க வேண்டும். நனைந்த நார் காயக் காய மரத்தைக் கவ்விப் பிடிக்கும். நனையாத நார் மடக்கினாலே தெறிக்கும்.

மடுவில் அன்று சேறுதான் இருந்தது. கரையில் முதலாளி குழந்தைசாமியின் ஆயில் என்ஜின் புகை கக்கிக்கொண்டு, சேற்றுக்கடியில் ஊறும் கடைசித் தண்ணீரையும் உறிஞ்சி அவருடைய காப்பி நாற்றுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"எச்சியத் தொட்டுக் கட்டுடி, வேற வழி?" என்றாள் பக்கத்து மரத்து மாராயி. அவளும் துப்பித்தான் கட்டினாள். பெருமாயியின் வறண்ட வாயில் எச்சிலும் சரியாக ஊறவில்லை; ஊறியதைத் தொட்டுக் கட்டினாள்.

காளியண்ணன் உச்சிக்குப் போனதும் நார் தெறித்தது. ஏணியும் கொடியும் ஆளுமாகப் பாறையில் வந்து விழுந்தன. தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் அலறலில் தோட்டமே கீழே இறங்கியது.

மிளகு மூட்டைகள் ஏற்றிய ஜீப்பில் வந்து இறங்கினார் குழந்தைசாமி. "கயிறு கட்டுனது எவ?"

"நாந்தானுங்க."

"உம் புருஷன நீயே சாய்ச்சுப்போட்டு என்னையப் பாக்கற?"

பெருமாயி, நார் கட்டிய கையையே வெறித்தாள்.

"ஏனுங்க, நார நனைக்கத் தண்ணி எங்கீங்க?" மாராயி முன்னால் வந்தாள். "உங்க நாத்துல்ல குடிச்சிட்டிருக்குது!"

"மழ பேயாததுக்கு நானா பொறுப்பு? வானத்தப் போயிக் கேளு."

"வானம் கெடுத்தது பாதிங்க. மீதிய உங்க என்ஜின் கெடுத்துச்சு."

"ரத்தம் போவுதுங்க, ஜீப்புல ஏத்திக்கங்க சாமி" என்று பெருமாயி கும்பிட்டாள்.

"மொளகு மூட்டைய உங்கப்பனா எறக்குவான்? தூளி கட்டித் தூக்குங்க. மலைக்காரனுக்குத் தூளி புதுசா?"

அதே மூங்கிலில் கம்பளியைப் போட்டார்கள். முனையைக் கட்ட நாரை எடுத்த பெருமாயி நின்றுவிட்டாள். மறுபடியும் காய்ந்த நார். மறுபடியும் அவள் கை.

"இதையும் எச்சியத் தொட்டா கட்டறது?"

கொடுவாளை எடுத்துக்கொண்டு என்ஜினை நோக்கி நடந்தாள். குழந்தைசாமி பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். குறுக்கே வந்த மாராயியின் நெற்றியில் அவர் ஓங்கிய என்ஜினின் இரும்புக் கைப்பிடி இறங்கியது. ரத்தம் கண்ணை மறைத்தது. கண்ணை மூடியபடியே அவள் கத்தினாள்: "நீ வெட்டு பெருமாயி! எனக்கொன்னுமில்ல, மண்ட கெட்டி!"

ஆண்கள் முதலாளியைச் சூழ்ந்தார்கள். ஒருவன் அவர் மணிக்கட்டை முறுக்க, எலும்பு நெரிந்து இரும்பு கீழே விழுந்தது. பெருமாயி ஓங்கிய வாள் தண்ணீர் ஓஸ் குழாயின் மேல் இறங்கியது. தண்ணீர் சீறி எல்லார் முகத்திலும் அடித்துவிட்டுப் பாறைக் குழியில் நிரம்பியது. யாரோ என்ஜினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் காளியண்ணனின் முனகல் பெரிதாகக் கேட்டது.

"போலீசோட வாரேன். ஒருத்தனும் இந்த மலையில இருக்க மாட்டீங்க!" கையைப் பிடித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப்போனார்.

நனைந்த நாரால் தூளியை இறுக்கினாள் பெருமாயி. நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கூடவே நடந்தவளைக் காளியண்ணன் தடுத்தான். "நீ வராத கண்ணு. மடுவ உட்டறாத."

அவன் நெற்றியை ஈரக்கையால் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

பெண்கள் தங்கள் தங்கள் நாரைக் குழியில் முக்கிக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சேலையால் தலையைச் சுற்றியிருந்த மாராயி, ஜீப் வரும் வழியில் ஒரு மரத்தைக் காட்டினாள். பெருமாயி முதல் முடிச்சைப் போட்டு நாரை எதிர் மரத்துக்கு இழுத்தாள். அடுத்தவள் அதன்மேல் தன்னுடையதைக் கட்டினாள். பிறகு இன்னொருத்தி.

வெயில் ஏறியது. கீழே கொண்டை ஊசி வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, பல. நாருக்குப் பின்னால் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். பெருமாயி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்துகொண்டிருந்தது. இறுகிக்கொண்டிருந்தது.