மூன்றாம் மாடித் தூணில் ஒரு பெட்டி

மூன்றாம் மாடியிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. உறைகிறது என்று ஒன்று, வேகிறது என்று இன்னொன்று. இரண்டுமே ஒரே ஹாலில், அடுத்தடுத்த மேசைகளிலிருந்து. ஏசி மெக்கானிக் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். உறைகிறவளுக்கு, ஏசி மெஷின்கள் ஓடுகிற பிளாண்ட் ரூமில் சால்வை என்று பெயர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்து வரை போர்த்திக்கொண்டுதான் கம்ப்யூட்டரைத் தட்டுவாள். வேகிறவள் மெக்கானிக்கின் சொந்த அக்கா.

ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டால், கீழே நடக்கும் ஆபீசுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் உலகம் தெரியும். காற்று போகிற, வெள்ளித்தாள் சுற்றிய தகர டக்ட்டுகள் இருட்டில் நீளமாகக் கிடக்கும். அவற்றுக்குள் டேம்பர் என்று ஒரு தகரக் கதவு உண்டு. அது திறக்கிற அளவுக்குத்தான் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். மெக்கானிக் அதைத் திறந்து மூடிப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. இறங்கி வந்து இரண்டு மேசைகளிலும் தெர்மாமீட்டர் வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு. பத்தடி இடைவெளியில் ஒருத்திக்குக் குளிர்காலமும் இன்னொருத்திக்குக் கோடையும் எப்படி நடக்கிறது என்று அவளுக்குத் தலை சுற்றியது.

அக்காவின் விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். ஐம்பதை நெருங்குகிற உடம்பு. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு நிற்கிற வயசில் வருவதுதான், தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானாகப் போகிற வரைக்கும் எங்கே ஒளிந்துகொள்வது என்று அவர் சொல்லவில்லை. அக்கா கைக்குட்டையோடு பாத்ரூமுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது யாராவது, மேடம் மாரத்தான் ஓடிட்டு வர்றாங்க என்பார்கள். சிரித்து வைப்பாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"இந்த மாசத்தோட நின்னுடலாம்னு இருக்கேன்டி. நாலு பேர் முன்னாடி இப்படி ஒழுகிக்கிட்டு உட்கார முடியல."

வீட்டில் அக்கா யாருக்கோ மனைவி, யாருக்கோ அம்மா, யாருக்கோ மருமகள். அந்த மேசையில்தான் மேடம் வரட்டும், கேட்டுச் செய்யலாம் என்று ஆட்கள் காத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு இவள் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் ஆள் பாதியாகிவிடுவாள். அதைச் சொல்ல மெக்கானிக் வாயெடுப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது.

மறுநாள் மேனேஜரும் கூப்பிட்டனுப்பினார். காற்றை என்ன செய்வாயோ ஏது செய்வாயோ, தன் காதுக்கு இந்தச் சண்டை இனி வரக்கூடாது என்றார்.

இந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. கட்டடத்துக்குக் கட்டடம் இருக்கும், ஆனால் எங்கே என்று யாரும் மூச்சு விட மாட்டார்கள். மெக்கானிக் அதுவரை அதைச் செய்ததில்லை. ஓட்டை உடைசல் குவியலிலிருந்து குளிரைக் கூட்டிக் குறைக்கிற ஒரு பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தாள். உள்ளங்கை அகலப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, ஒரு பக்கம் நீலக் கோடு, மறு பக்கம் சிவப்பு. நன்றாகத் துடைத்து, விடுமுறை நாளில் வந்து, இரண்டு மேசைகளுக்கும் நடுவே இருந்த தூணில் இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினாள். பின்னால் வயர் கிடையாது. திருகினால் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

புகார்கள் நின்றுவிட்டன. சால்வை சிவப்புக்குத் திருப்புவாள், அக்கா நீலத்துக்குத் திருப்புவாள். எலியும் பூனையுமாக இருந்தவர்கள், நான் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். வேலையை விடுகிற பேச்சை அக்கா எடுக்கவே இல்லை.

மெக்கானிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அது எப்படி வேலை செய்யும்? ஏதாவது சாக்குச் சொல்லி மாடிக்குப் போய், பைலைப் புரட்டுகிற பாவனையில் தெர்மாமீட்டரைப் பார்ப்பாள். முள் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நாள் அக்காவுக்குச் சூடு ஏறுவதை நேராகவே பார்த்தாள். காது சிவந்தது. அக்கா பதறாமல் எழுந்து போய்த் திருகினாள், அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு இறங்கியது. ஓடவும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத சால்வைக்கோ, தூண் வரை நடந்து வருவதிலேயே உடம்பு சூடாகியிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆனால் பஸ்ஸில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் இல்லேன்னா என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் வேடிக்கை வடிந்துவிடும். பொய் சொன்னது ஒரு பக்கம். வேலை செய்யாத ஒரு சாமானை மாட்டிவிட்டு நல்ல பேர் வாங்குகிறோமே என்பது அதைவிட உறுத்தியது. அவள் கைபட்ட மெஷின் எதுவும் சும்மா நின்றதில்லை. அடுத்த விடுமுறையில் யாரிடமும் கேட்காமல் மாடி ஏறினாள். தூணுக்குள் வயரை இறக்கி, சீலிங் வழியாக இழுத்து, டேம்பரின் மோட்டாரோடு சேர்த்தாள். திருகினாள். மேலே தகரக் கதவு முனகிக்கொண்டே திறந்தது. இப்போது அது நிஜமான பெட்டி. மனசு லேசாகிவிட்டது.

அந்த வாரமே ஹாலில் போர் மூண்டது. நிஜக் காற்று அவசரம் அறியாதது. அக்கா திருகினால் குளிர் இறங்கி ஹால் முழுக்கப் பரவி முடிவதற்குள் அவள் சூடு தணிந்து போயிருக்கும். பிறகு நனைந்த முதுகில் அந்தக் காற்று பட்டு அவளே நடுங்குவாள். சால்வை நிஜமாகவே விறைத்துப்போய்ச் சிவப்புக்குத் திருப்புவாள். ஹால் சூடாகிற நேரத்தில் அக்காவுக்கு அடுத்த சூடு ஏறும். பெட்டி கெட்டுவிட்டது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். வாரக் கடைசியில் அக்கா மறுபடியும் கைக்குட்டையோடு ஓட ஆரம்பித்தாள். பஸ்ஸில், மேனேஜர்கிட்ட திங்கட்கிழமை சொல்லிடறேன் என்றாள்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மெக்கானிக் ஏணியைப் போட்டாள். பலகையை விலக்கி, கட்டரால் வயரை வெட்டினாள். வெட்டிய நுனியை வெளியே இழுக்கும்போது கீழே அக்கா நின்றிருந்தாள். சாப்பிடப் போகவில்லை போலிருக்கிறது.

"என்னடி அது, அந்த வயரு?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. மேலே நின்றுகொண்டு, கீழே நிமிர்ந்து பார்க்கிற அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பெட்டிக்குப் போற வயருக்கா. போன வாரம்தான் இழுத்தேன்."

"அப்ப அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வயரே இல்ல."

அக்கா தூணைப் பார்த்தாள். பிறகு தன் மேசையை, பாத்ரூம் இருக்கிற பக்கத்தை, மறுபடியும் தூணை. அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தங்கைக்குப் பிடிபடவில்லை.

"என்னையும் சேர்த்துத்தான் ஏமாத்தினியா?"

"உன்னதான்க்கா மொதல்ல."

அக்காவின் கழுத்தில் அந்தச் சிவப்பு தொடங்கிக் காது மடலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்தாள். படிக்கட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பாத்ரூம் பக்கம் இரண்டடி வைத்தாள், நின்றாள், திரும்பி வந்து தூணில் கை வைத்து நீலத்துக்குத் திருகினாள். டிக் என்றது.

"அக்கா, அதுல ஒண்ணும்..." என்று தங்கை ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினாள்.

"தெரியும். கொஞ்சம் பேசாம இரு."

கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து கையை எடுக்காமல், நிமிர்ந்து நின்றாள் அக்கா. தங்கை ஏணியிலேயே நின்று அவளுடைய கழுத்தில் சிவப்பு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.