ஹால்வருக்கு இரண்டு பேர் உதவி

விஸ்கான்சின் முதியோர் இல்லத்தில், எவருக்கு எவ்வளவு உதவி தேவையோ அதற்கேற்ப அரசாங்கம் தரும் பணத்துக்கான பதிவுகளைச் சரிபார்க்க வந்த டார்லா, 'எழுந்து நடக்க இரண்டு பேர் உதவி தேவை' என்று ஹால்வர் கிழவரைப் பற்றிப் படித்துவிட்டு அவர் அறைக்குப் போனாள். கட்டில் காலி. கிழவர் வெளியே புல்வெளியில் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"இவருக்கா ரெண்டு பேர் வேணும்?" என்று புல்வெளிக்கு வந்த டார்லா கேட்டாள்.

"ஆமாங்க மேடம். ஒருத்தர் மடக்க, இன்னொருத்தர் பிடிக்க," என்றாள் நர்ஸ் ஓபல், மூச்சு வாங்க.

"துரத்திப் பிடிக்கிறதுக்கெல்லாம் அரசாங்கம் கூடுதல் பணம் தராதும்மா."

'உதவியின்றி நடப்பார்' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே டார்லா திருத்தினாள். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்த ஹால்வருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னது, நடப்பாராம்! இந்த வயசுல வேலி தாண்டி நிக்கிறேன். ஓடுவார்னு எழுது!"

படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை. பாவம், டார்லா உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.