மிதக்க வேண்டிய ஈ

நீதிமன்ற உத்தரவுப்படி மகள் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்துவந்தாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. பதினைந்து வயதானதும் அந்த ஏற்பாட்டைத் திருத்தச் சொல்லித் தொலைபேசியில் கேட்டாள். தாயின் இரண்டாம் கணவர் அவளுக்கு ஈத்தூண்டில் பழக்கியிருந்தார். புழு கோக்காமல், முள்ளின்மேல் இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை நீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றும் முறை அது. ஆற்றுக்குப் போகிறவர்கள் ஞாயிறுகளில்தான் போனார்கள்.

"மாசத்துக்கு ஒரு ஞாயிறு போதும்ப்பா. மிச்ச நாள் நான் ஆத்துக்குப் போகணும்."

"அதுக்கென்ன, நானும் வரேன். எனக்கும் அது தெரியும்."

"தெரியுமா? அப்ப அடுத்த மாசம் வாங்க. ஒத்துவந்தா எல்லா ஞாயிறும் சேர்ந்தே போகலாம்."

அவருக்குத் தெரியாது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து தருவது அவர் தொழில். சொன்ன பொய்யை மெய்யாக்க மூன்று வாரம் இருந்தது.

கோலும் நூலும் வாங்கி, உணவு இடைவேளைகளில் பட்டறையின் பின்புறம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பயின்றார். நூலைப் பின்னால் வீசி, அது முழுதாக நீளும்வரை பொறுத்து, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும் என்றது கையேடு. பொறுப்பது அவருக்கு எளிது; சாந்து இறுகுமுன் அச்சைத் திறப்பவன் அவர் தொழிலில் நிலைப்பதில்லை. மணிக்கட்டுதான் அடங்கவில்லை. முதல் வாரம் நூல் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்தது. இரண்டாம் வாரம் ஒரு மருத்துவரின் காரைச் சுற்றிக்கொண்டது.

பற்களுக்கு நிறமேற்றும் சகபணியாளரான அம்மாள் ஜன்னலைத் திறந்தார். "கார் மாட்டிடுச்சா சார்? எத்தனை கிலோ தேறும்?"

"சிரிங்க, சிரிங்க."

"புழு போட்டவனுக்கே மீன் வரமாட்டேங்குது. நீங்க காத்தைப் போட்டுப் பிடிக்கிறீங்க. தெரியாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டா குடியா முழுகிப் போயிடும்?"

"சொன்னா மாசத்துக்கு ஒரு நாள்தான் மிஞ்சும்," என்றார் கார்ச் சக்கரத்திலிருந்து நூலைப் பிரித்தபடி.

ஈ கட்டுவதில் அவருக்கு ஐயமே எழவில்லை. இடுக்கியும் பூதக்கண்ணாடியும் மேசையிலேயே இருந்தன. முயல் ரோமத்தில் உடல், சேவல் இறகில் சிறகு என்று பன்னிரண்டு ஈக்கள் கட்டினார். ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடும் இல்லை. ஆனாலும் ஓரங்களில் ரோமம் சிலிர்த்து நின்றது உறுத்தியது. வாய்க்குள் போகும் எதிலும் பிசிறு இருக்கக்கூடாது என்பது இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். பல்வரிசைக்கு மெருகேற்றும் பிசினை மூன்று பூச்சு பூசி, விளக்கொளியில் இறுக்கினார்.

சொன்ன ஞாயிறன்று ஆற்றில் மகள் முழங்காலளவு நீரில் நின்று கையசைத்தாள்.

"ஆழம் தெரியாம காலை விடாதீங்கப்பா. பழமொழி சொல்லல, நெஜமாவே அங்க இடுப்பளவு."

அவர் நகர்ந்து நின்று வீசினார். இரண்டு வீச்சு தோளருகே சுருண்டது. மூன்றாவது நேராக நீண்டு, கரையோரப் பாறை நிழலில் விழுந்தது. மகளின் புருவம் உயர்ந்தது. ஈ மூழ்கியது. இன்னொன்றை மாட்டினார், அதுவும் நேரே அடிக்குப் போனது.

அவள் கையை நீட்டினாள். ஈயை வாங்கி நகத்தால் தட்டினாள். டக்கென்றது.

"என்னப்பா இது, வார்னிஷ் அடிச்சிருக்கீங்களா?"

"பிசிறு நின்னுச்சும்மா."

"அந்தப் பிசிறுதான்ப்பா இதை மிதக்க வைக்கும்!" சிரிப்பில் அவள் கோல் ஆடியது. "இதை மீன் கடிச்சா அதுக்கு நீங்கதான் பல் செட் கட்டணும்."

"ஓசியிலயே கட்டித் தரேன்."

சிரிப்பு அடங்கியதும் அவரை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியாது, இல்ல?"

"தெரியாது. மூணு வாரமாத்தான்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ஞாயிறு போயிடுமேன்னு."

அவள் தன் பெட்டியிலிருந்து கலைந்த தலைபோல ரோமம் நின்ற ஈயொன்றை எடுத்து அவர் நூலில் கட்டினாள். நண்பகல்வரை வீசினார்கள். அவள் இரண்டு மீன் பிடித்து நீரிலேயே விட்டாள். அவருக்கு ஒன்றும் விழவில்லை.

கரையேறியபின் அவள் சொன்னாள்: "மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான். அதுல மாத்தமில்ல. நீங்க பக்கத்துல நின்னு தண்ணியக் கலக்கினா எனக்கு மீன் வராது."

"சரி," என்றார்.

"புதன்கிழமை ஆறு மணிக்கு எங்க ஸ்கூல் மைதானத்துக்கு வாங்க. உங்க மணிக்கட்டு ரொம்ப மோசம்."

"எந்தப் புதன்?"

"எல்லாப் புதனும்தான். பின்ன, ஒரே நாள்ல வந்துடுமா?"

அவர் கோலைத் துண்டுகளாகக் கழற்றினார். ஒரு துண்டு இணைப்பில் இறுகியிருந்ததால் நேரமெடுத்தது.

"மழை வந்தா?" என்று கேட்டார்.

"நனையலாம்," என்றபடி அவள் காலணியிலிருந்த நீரைக் கவிழ்த்தாள்.