மூன்று ஊர், ஒரு ஸ்டியரிங்

1

ஒரு பத்திரிகைக்குக் கதை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் கதை இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி சாப்பாட்டு மேஜையில் ஓர் அயல்நாட்டு வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் தம்ளர்களை வைத்தாள். அதைத்தான் நான் திருடினேன். இந்தக் கதை பிறந்த லட்சணம் இவ்வளவுதான்.

வரைபடத்தில் மூன்று ஊர்கள். நடுவில் ஒரு மலைப்பாதை, ஓர் எல்லை. ஒரு வார விடுமுறை, வாடகைக் கார். போகிறவர்கள் நான், மனைவி, அவளுடைய அண்ணன். (அண்ணியையும் கூப்பிட்டோம். "உங்க மூணு பேரையும் வீட்லயே பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டார். கதைக்கு ஒரு பாத்திரம் மிச்சம் என்று நானும் வற்புறுத்தவில்லை.)

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

"பயணம் என்பது வெளியே போவதல்ல, நமக்குள்ளேயே நாம்

அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

2

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இந்த ஊரில் பாதிப் பேர் வண்டியைச் சுவரில் இடிக்காமல் வீடு வந்து சேர்வது அவள் புண்ணியத்தில்தான். ஆனால் குடும்பமாக எங்கே கிளம்பினாலும் ஸ்டியரிங் அவள் அண்ணன் கையில். அவள் பின்னால், பைகளோடு பையாக உட்கார்ந்து வருவாள். மச்சான் வங்கி மேலாளர். முடிவெடுப்பது அவருக்குத் தொழில், பொழுதுபோக்கும் அதுதான்.

"ரயில்ல போயிடலாம்மா" என்றார் மச்சான். "அங்க எல்லாமே தலைகீழ். ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போறது வலது பக்கம். நானே யோசிக்கிறேன், நீ எங்க…"

"கார்தான். நான்தான் ஓட்டுவேன். இல்லன்னா நான் வரல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"மாப்ள, நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.*

(* அந்த மாப்பிள்ளை நான்தான். மாட்டிக்கொண்டால் படர்க்கைக்குள் ஒளிந்துகொள்வது எழுத்தாளர்களுக்கு உள்ள ஒரே வசதி.)

சமையலறையிலிருந்து பார்த்தேன். அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அது அவளுக்கு வலித்தது. எனக்கும் வலித்தது; இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

3

இனி கதாபாத்திரச் சிக்கல். பிடிவாதம் மட்டும் உள்ள நாயகி போதாது, உள்ளுக்குள் ஒரு பயம் வேண்டும் என்று பட்டது. ஆகவே ஒரு பயம் தயாரித்தேன்:

"கனவில் அவள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு லாரி. உள்ளங்கைகள் வேர்த்து ஸ்டியரிங் வழுக்க…"

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு எதுக்கு வேர்க்கணும்?"

"பழக்கமில்லாத பக்கம் இல்லையா?"

"ஏங்க, இத்தனை வருஷமா வண்டில நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பயிற்சி வண்டியில் ஓட்டப் பழகுகிறவர் வலப்பக்கம், ஸ்டியரிங்கோடு. கற்றுக்கொடுக்கிறவர் இடப்பக்கம், காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். காலையிலிருந்து மாலைவரை அவள் சுவரையும் சைக்கிளையும் பள்ளத்தையும் அளந்தது இடப்பக்கத்திலிருந்துதான். கியர்கூட அவளுக்கு வலக்கைப் பக்கம்தான். நாங்கள் எந்த இருக்கையை நினைத்துப் பயந்தோமோ, அது அவளுடைய அலுவலக நாற்காலி!

கனவைக் கிழித்துப் போட்டேன். லாரி மட்டும் நன்றாக வந்திருந்தது.

மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. "பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிக்கிறதும் ஓட்டுறதும் ஒண்ணாம்மா?" என்றார். நியாயமான கேள்விதான், அதனால் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சரிண்ணே. அங்க கார் எடுக்கிற எடத்துலயே ஆளுக்கு ஒரு ரவுண்டு. யார் ஒழுங்கா ஓட்டுறாங்களோ அவங்க கையில சாவி. நான் சொதப்பினா மூணு ஊருக்கும் ரயில்தான். வாயே தொறக்க மாட்டேன்."

அன்றிலிருந்து வரைபடத்தில் இரண்டு திட்டங்கள். நீலக்கோடு அவளுடைய சாலை: எங்கே எரிபொருள், எங்கே சுங்கம், பழைய நகரத்துக்குள் கார் நுழையக் கூடாது என்பதால் எங்கே நிறுத்திவிட்டு டிராம் ஏறுவது. சிவப்புக்கோடு அண்ணனுடைய ரயில். எந்த நிலையத்தில் மாறுவது, பெட்டியோடு படியேற வேண்டாத நடைமேடை எது என்று அதையும் அவளே போட்டாள். தோற்றால் போகவேண்டிய வழியை ஒருத்தி அத்தனை அக்கறையாகப் போடுவதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் மறுபடியும் காதல் வந்துவிட்டது. (இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

4

அச்சில் இலக்கிய மதிப்பு வேண்டுமென்றால் அவள் தோற்க வேண்டும்: ரயில் ஜன்னல், மழை, கண்ணாடியில் அவள் முகம். எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் நடந்தது வேறு.

கார் நிறுத்துமிடம். மச்சான் சாவியை வாங்கினார், கதவைத் திறந்தார், கம்பீரமாக உட்கார்ந்தார். வலப்பக்கம். எதிரே ஸ்டியரிங் இல்லை, கையுறைப் பெட்டிதான் இருந்தது. இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். புறப்பட்ட வண்டி வலப்பக்கமாகவே சாய்ந்துகொண்டு போய், பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசி மடக்கிவிட்டு நின்றது.

"தூண இவ்ளோ கிட்டயா கட்டுவான்?" என்றார்.

அடுத்து அவள். நான் வலப்பக்கம் ஏறிக்கொண்டேன். பெல்ட் போட்டாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், இன்ஜினை உயிர்ப்பித்தாள். வண்டி நகரவில்லை. அவள் நேராகப் பார்த்தபடி காத்திருந்தாள். வெளியே மச்சான் கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் என் பக்கம் திரும்பாமல், பழகுகிறவரிடம் சொல்வதுபோல் மிகப் பொறுமையாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க. கிளட்ச்ச மெதுவா விட்டு ஆக்ஸிலரேட்டர மிதிங்க."

"நானா?"

குனிந்து பார்த்தேன். என் காலடியில் மிதியடி விரிப்பு மட்டும் இருந்தது. அவளும் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வண்டியே குலுங்கியது. சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள். தூண்களுக்கு நடுவே ஒரு சுற்று. இரண்டு கார்களுக்கு இடையில் பின்பக்கமாக வந்து, ஒரே திருப்பில் நிறுத்தினாள். வாடகைக் கார் ஊழியர் கை தட்டினார். நானும் தட்டினேன். விசில் அடிக்க வராததில் எனக்கு இன்னும் வருத்தம்.

மச்சான் பின்கதவைத் திறந்து, பைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

5

இதை மலைப்பாதையில், ஓடும் காரில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்தான், பெரும்பாலும் என் கையின் குற்றம். முதல் ஊர் முடிந்தது. வெகுநேரம் பின்னாலிருந்து உத்தரவு வந்துகொண்டிருந்தது: "லெப்ட்ல பாத்து… இல்ல, ரைட்ல… ஹாரன் அடி." திடீரென்று சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று திரும்பினேன்.

தூங்குகிறார். வாய் திறந்து, தலை ஜன்னலில் சாய்ந்து, குறட்டையோடு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் மச்சான் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. விமானத்தில்கூட விமானிக்குத் துணையாக விழித்திருந்தவர்.

மெல்லச் சொன்னேன். அவள் கண்ணாடியில் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, ஆனால் வண்டி அலுங்கவில்லை.

"எழுப்பாதீங்க" என்றாள். "இத விடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு எவன் குடுப்பான்?"

இப்போது வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலில் திறந்து கிடக்கிறது. காட்டாமல் விட்டால் மச்சான் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். எழுப்பினால் உத்தரவு மறுபடி ஆரம்பமாகிவிடும். இதை நான் முடிப்பதாக இல்லை. வாசகரே, பின்னால் அவர் பக்கத்தில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். எழுப்புவதானால் நீங்களே எழுப்புங்கள், திட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.