துண்டு குடித்த மருந்து

அமிர்தலிங்கம் வாயைத் திறந்தால் வெண்ணாற்று மீன்கள்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும். அவர் பட்டப்பெயர் வைக்காத ஆளோ ஆடோ அந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவருக்குப் பார்க்கின்சன் வந்து கை நடுங்கத் தொடங்கியபோதுகூட அவர் மனைவி பிரகதாம்பாள் அசரவில்லை. நடுக்கத்துக்கு மாத்திரை இருந்தது. வாய் அடங்கிப்போனதுதான் அவளைக் கலக்கிவிட்டது. குறுவை அறுக்க மெஷின் வந்து நின்ற அன்றும், "நீயே பாத்துக்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார் மனுஷன்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையும் பெரிதாக எடுபடவில்லை. தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் அஃப்ரீன் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ஐயாவுக்கு டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மனசு இப்படிக் கிடக்க அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஜெல் தர்றேன். நடுக்கம் இதுல போகாது. மனசு தெளியும்னு சத்தியமும் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணுவோம். அடுத்த தடவை ரத்தத்துல அளவு ஏறலைன்னா நிறுத்திடுவேன்."

காலையில் தோளில் தடவ வேண்டும், காய்ந்ததும் சட்டை போட வேண்டும், வேறு யார் மேலும் படக்கூடாது. இவ்வளவுதான் விதி.

பிரகதாம்பாள் கையுறை மாட்டிக்கொண்டு, சாமிக்குச் சந்தனக்காப்பு சாத்துகிற பக்தியோடு தடவினாள். சட்டைதான் இடறியது. அமிர்தலிங்கம் சட்டை போடுவது கல்யாணத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் மட்டுமே. மற்றபடி தோளில் துண்டுதான். "மூடுனா சரி. சட்டையா இருந்தா என்ன, துண்டா இருந்தா என்ன?" என்று தானே தீர்ப்புச் சொல்லி, ஈரம் காயுமுன்னே துண்டைப் போர்த்திவிடுவாள். அந்தத் துண்டோ வீட்டுப் பொதுச்சொத்து. அடுப்படியில் வேர்த்தால் அவள் முகம் துடைப்பதும் அதில்தான்.

வாரங்கள் ஓடின. அவர் சுவரை விட்டுத் திரும்பவில்லை. மாறியது பிரகதாம்பாள்தான். பக்கத்து வயல் வைத்தியலிங்கம் வாய்க்கால் மடையை அடைத்த அன்று, அவள் மண்வெட்டியோடு போய் நின்ற கோலத்துக்குப் பயந்து மேட்டூரிலேயே கூடுதலாக ஒரு மதகைத் திறந்துவிட்டார்கள் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள்.

"அண்ணி, நான் சும்மா ஒரு..."

"சும்மாவா? அடைக்கணும்னா உன் மூக்க அடைச்சுக்க. மடைய விடுடா!"

வைத்தியலிங்கம் ஒரு செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

மறுபடி தஞ்சாவூர் போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சங்கூட ஏறலையேம்மா. நிறுத்திடலாம்."

மண்வெட்டி பிடித்த பிரகதாம்பாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க டாக்டரம்மா. அவரு பேசாம இருக்கறதை என்னால தாங்க முடியல."

நிமிர்ந்த டாக்டர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "ஏம்மா, இந்த வயசுல உங்களுக்குப் பருவா?"

"அத ஏன் கேக்கறீங்க. மேலுதட்டுல முடி வேற. கோவமும் பொத்துக்கிட்டு வருது."

"ஜெல் தடவுனதும் ஐயா சட்டை போடறாரா?"

"துண்டு போடுவாரு."

"அந்தத் துண்டு அப்புறம் எங்க போகும்?"

பிரகதாம்பாள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "பாதி மருந்தைத் துண்டு குடிச்சிருக்கு, மீதியை நீங்க குடிச்சிருக்கீங்க! அந்தத் துண்டை விடுங்க, உங்களுக்கு அநேகமாச் சரியாயிடும். எதுக்கும் உங்க ரத்தத்தையும் பாத்துடுவோம். ஐயாவுக்கு இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்."

அன்றிலிருந்து அமிர்தலிங்கம் தினமும் காலையில் வெள்ளைச் சட்டையோடு தேர்தலில் நிற்பவர்போல் உட்கார்ந்திருந்தார். அளவு ஏறியது. மனசு அவ்வளவு வேகமாக ஏறவில்லை. ஒருநாள் காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். இன்னொரு நாள் சுவரைவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். பிரகதாம்பாள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளடி நடவு சமயத்தில் வைத்தியலிங்கம் படியேறி வந்தார். "அண்ணே, அண்ணி என்னைத் தண்ணிப் பக்கமே அண்ட விடமாட்டேங்கறாங்க. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

அமிர்தலிங்கத்தின் முகத்தில் அசைவில்லை. அது நோய் கொடுத்த முகம். ஆனால் குரல் மெல்ல வந்தது.

"ஏன்டா வைத்தி, நான் திட்டுனப்ப ரெண்டு செருப்போடயாச்சும் வீடு போய்ச் சேந்தியா இல்லையா?"

பிரகதாம்பாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. வயிறும் சேர்ந்து குலுங்கியது. அது சிரிப்பு.

"என்ன வேடிக்கை? மொபெட்டை எடு. நடவு எந்த லட்சணத்துல நடக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

அவரைப் பின்னால் உட்கார்த்தி, தன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் வண்டியை எடுத்தாள். வயல்வரைக்கும் அவள் வண்டி ஓட்டுகிற அழகை அவர் விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். பிரகதாம்பாள் வேண்டுமென்றே சுற்றுவழியில் போனாள்.