ரெண்டு நாள் ஓஸ்

லாரியின் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்த வேண்டும். கம்பி இரண்டு தடவை வழுக்கியது.

"கார்டுதான் கிடைச்சிருச்சே. இதை எதுக்குத் திறக்குற?" என்றார் மாமா.

அவன் மூன்றாம் தடவை கம்பியை நிமிர்த்தினான். அப்பாவின் அடையாள அட்டை லாரியில் இருந்தது. அது இருந்தால்தான் உடலைத் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடுத்து வர மகனும் மாமாவும் வந்திருந்தார்கள். அம்மாவும் அக்காவும் அங்கே பெஞ்சில் காத்திருந்தார்கள். அட்டை மாமாவின் சட்டைப் பைக்குள் போய்க் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

காலையில் இந்தச் சரிவில் இறங்கிய லாரி எங்கும் நிற்காமல் அடிவரை வந்து, சாலையோர மணல் குவியலில் முட்டி நின்றது. பம்பர்கூட நெளியவில்லை. ஓடி வந்தவர்கள் கதவைத் திறந்தபோது அப்பா ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். நோவு நொடி இல்லாமல் போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்று மாமா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். மற்றவர்களுக்கு அதில் ஓர் அர்த்தம்தான்: மேலே வரும்போதே உயிர் போயிருக்கிறது. மகன் மெக்கானிக். அவனுக்கு இன்னோர் அர்த்தமும் தெரிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, அந்தப் பதற்றத்தில் நெஞ்சு நின்றது.

அது அவனைவிட இரண்டு வயது மூத்த, பெட்ரோலில் ஓடும் லாரி. போன மாதம் வண்டி நிற்கும்போதும் எஞ்சின் ஏறியும் இறங்கியும் உறுமியது, சிக்னலில் அணைந்தது, உள்ளே ஏதோ சீறியது. ஒரு வியாழக்கிழமை அவன் பார்த்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில்தான் அந்த லாரியின் பிரேக் லேசாக மிதிபடும். அந்த இழுப்பை பிரேக் பூஸ்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஓஸ் வெடித்திருந்தது. அதற்கென்று வரும் தடித்த ஓஸ் கடையில் இல்லை. ஷெட்டில் கிடந்த மெல்லிய பெட்ரோல் ஓஸில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுக் கிளிப்பை முறுக்கினான். சீறல் நின்றது. எஞ்சின் சாதுவானது.

"ரெண்டு நாள் சமாளிச்சுக்கப்பா. நல்ல ஓஸ் வந்ததும் மாத்திர்றேன்" என்றான். அப்பா சரி என்றார்.

பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. ஊரான் வண்டிக்கெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவனுக்குச் சொந்த அப்பாவின் வண்டி ஞாபகத்துக்கு வரவில்லை. மெல்லிய ஓஸ் குளிரில் ஒழுங்காகத்தான் இருக்கும். சூடேறினால் துவண்டு, இழுக்கிற இழுப்பில் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், இளநீர் உறிஞ்சும்போது ஸ்ட்ரா நசுங்குவது போல. அதற்கப்புறம் பிரேக் மிதி கல்தான். தொழில் தெரிந்தவன் எவனும் அதைப் போடமாட்டான். போட்டாலும் மறக்கமாட்டான்.

"மாமா, சீட்ல உக்காருங்க. பிரேக்கை அஞ்சாறு தடவை மிதிச்சிட்டு, அழுத்தினபடியே காலை வைங்க. அப்புறம் சாவியைத் திருப்புங்க."

மாமா தையற்காரர். அவருக்குத் தெரிந்த பெடல் தையல் மெஷின் பெடல் ஒன்றுதான். முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். எஞ்சின் பிடித்ததும் மிதி தானாகக் கொஞ்சம் கீழே போனது என்றார். பூஸ்டர் வேலை செய்கிறது. ஆனால் இது குளிர்ந்த எஞ்சின். சூடேற இருபது நிமிஷமாவது ஆகும்.

அவன் ஓஸைப் பார்த்தபடியே நின்றான். அவன் வெட்டிய துண்டேதான், அவன் போட்ட கிளிப்பேதான். அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை. அடுத்து மாமாவின் போன் அடித்தது. வந்துகொண்டே இருக்கிறோம் என்று மாமா கூசாமல் சொன்னார். பிறகு தலையை வெளியே நீட்டி, அம்மா அங்கே பெஞ்சிலேயே கிடக்கிறாள், பெற்ற அப்பனை விட்டுவிட்டு வண்டி பார்க்கிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று திட்டினார். திட்டட்டும் என்று இருந்தது அவனுக்கு. இது தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்க்க அவனால் முடியாது.

ரேடியேட்டர் வெக்கை முகத்தில் அடித்தது. ஆக்ஸிலேட்டரைக் கையால் இழுத்து இழுத்து விட்டான். ஓஸ் நசுங்கவில்லை.

"அணைச்சிட்டு மறுபடி மிதிங்க மாமா. முதல்ல செஞ்ச மாதிரியே."

மாமா மிதித்தார். சாவியைத் திருப்பினார்.

"கல்லு மாதிரி நிக்குதா?"

"இல்லையே. கீழ போகுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"போகுதுடா. பஞ்சு மாதிரி போகுது. என்னடா ஆச்சு உனக்கு?"

நம்ப முடியவில்லை. இவ்வளவு சூட்டில் அந்த ஓஸ் இந்நேரம் ஒட்டியிருக்க வேண்டும். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓஸை விரலால் அமுக்கினான். ரப்பருக்கு அடியில் வரிவரியாக ஏதோ தடுத்தது. கிளிப்பைத் தளர்த்தி ஒரு முனையை உருவிப் பார்த்தான். உள்ளே நீளத்துக்கும் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அங்கங்கே பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

அது அவர்கள் வீட்டுச் சமையலறை வலைக்கதவின் ஸ்பிரிங்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கதவு தானாக மூடவில்லை. பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது என்று அம்மா நாள் கணக்குச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் அவனும் அப்பாவைக் கடிந்துகொண்டான். "ஒரு ஸ்பிரிங் வாங்கிப் போட இத்தனை நாளாப்பா?" அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "நேரமில்லடா" என்றார்.

வியாழக்கிழமை அவன் ஓஸ் போட்டான். வெள்ளி, சனி. கேட்ட இரண்டு நாளையும் அப்பா கொடுத்திருக்கிறார். எந்த இறக்கத்தில் மிதி கல்லாகிப் பயந்தாரோ, அதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானே கழற்றி, ஓஸ் நசுங்காமலிருக்க ஸ்பிரிங்கை நுழைத்து, மகன் போட்ட கிளிப்பையே திரும்ப முறுக்கி வைத்துவிட்டார்.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. நான் கொல்லவில்லை. அப்படி நினைத்ததற்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓஸை இருந்தபடியே மாட்டி முறுக்கினான். கிளிப்பின் திருகு கண்ணுக்குத் தெரியவில்லை, தடவித்தான் முறுக்கினான். மாமா இறங்கி வந்து பானெட்டை மூடினார்.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். இவ்வளவு நேரம் என்னடா பண்ணினாய் என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். வண்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றான் என்று மாமா போட்டுக்கொடுத்தார்.

அம்மா தலைநிமிர்ந்தாள். "வண்டில ஏதும் கோளாறா?"

"இல்லம்மா. பிரேக் நல்லா இருக்கு."

"இருக்காதா பின்ன? நீ பாத்த வண்டியாச்சே. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதைத்தான் சொல்லுவார்."

அவன் உடலின் பக்கம் போனான். துணிக்கு வெளியே அப்பாவின் இடது கை கிடந்தது. கட்டைவிரலில் அழுக்கேறிய பிளாஸ்திரி. ஏதோ கம்பி கிழித்துவிட்டது என்று இரண்டு வாரத்துக்கு முன் சொன்னவர், எந்தக் கம்பி என்று சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

பிளாஸ்திரியின் ஒரு முனை பிரிந்திருந்தது. அதை மடித்து, ஒட்டும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.